சொல்லாமல் வைத்திருக்கும் கட்டி

அன்பரே, உமது காது மடலில் சிறு கட்டி ஒன்று தோன்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். வலியில்லை, அரிப்பில்லை. மஞ்சள் அரைத்துப் பூசுகிறீர். பிறகு யாரோ சொன்ன களிம்பு. (மஞ்சளின் மேல் எனக்கு விரோதமில்லை, அதன் இடம் குழம்பில்.) மூன்று மாதமாகியும் கட்டி போகவில்லை. டாக்டரிடம் காட்ட மட்டும் மனம் வரவில்லை. "என் சரீரம், என் கவலை, மற்றவருக்கு இதில் என்ன?" என்கிறீர். இது நியாயமான பேச்சுதானா?

இப்படிப்பட்ட கட்டிகளில் பல, வெறும் கொழுப்புக் கட்டியாகவே இருக்கும். சில மட்டும் தொழுநோயின் அடையாளம். அதன் கிருமியை நார்வே தேசத்து ஹான்சன் 1873-ல் கண்டார். அதே ஆண்டில்தான் தமியான் சுவாமியார் மொலோக்காய்த் தீவின் தொழுநோயாளரிடம் போய்ச் சேர்ந்தார். 1884-ல் அவர் காலைக் கொதிநீரில் வைத்தார்; தோல் வெந்தது, வலி மட்டும் தெரியவில்லை. தமக்கும் நோய் வந்துவிட்டதென்று அறிந்தார். 1889-ல் மரித்தார்.

அவர் அறிந்துகொண்டபோது குணமாக்கும் மருந்து இல்லை. இன்று நிலைமை வேறு. 1981-ல் உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்த கூட்டு மருந்தை ஆறு மாதமோ ஓராண்டோ உட்கொண்டால் நோய் குணமாகும். மருந்து தொடங்கியபின் பிறருக்குத் தொற்றும் அபாயம் விரைவில் நீங்கும். தொடங்காதவரை, நெடுங்காலம் உம்மோடு நெருங்கி வாழ்பவருக்குத் தொற்றக்கூடும். உமது பாயில் படுத்துறங்கும் பேரக் குழந்தையை யோசித்தீரா? அதற்கும் சேர்த்தல்லவா நீர் மௌனம் சாதிக்கிறீர்!

ஆனால் ஒளிப்பவரை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நாம் எழுந்து போய்விடலாகாது. அவர் அஞ்சுவது கிருமிக்கா? இல்லை, நமக்கு. பெண்ணுக்கு வந்த சம்பந்தம் நின்றுபோகும், தண்ணீர்ச் செம்பைத் தனியே வைப்பார்கள் என்ற அச்சம் அது. தொழுநோயாளரை ஒதுக்கிவைக்க இந்தியாவில் 1898-ல் இயற்றிய சட்டம் 2016-ல்தான் ரத்தாயிற்று. தொழுநோயைக் காட்டி விவாகரத்துக் கேட்கலாம் என்ற விதி 2019-ல்தான் நீங்கிற்று. சட்டமே இத்தனை காலம் எடுத்துக்கொண்டதென்றால், அந்த மனிதர் மூன்று மாதம் தயங்கியதில் என்ன அதிசயம்? அவருடைய மௌனத்தில் ஒரு பங்கு நம்முடையது; அதை அவர் தலையில் முழுவதும் ஏற்றுவது அநியாயம்.

உள்ளபடி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடப்பது மிகச் சிறிய காரியம். தோலைப் பஞ்சால் தொட்டு, "தெரிகிறதா?" என்பார் டாக்டர். முழங்கை நரம்பைத் தடவிப் பார்ப்பார். "ஒன்றுமில்லை, போய் வாரும்" என்று சொன்னாலும் சொல்வார். தொழுநோய்தான் என்றால், மாத்திரை அட்டையைக் காசில்லாமல் தருவார்கள்.