கையொப்பமும் சூட்டுக்குறியும்

கணினித் துறையில் பணிபுரியும் பெண்களுக்கு இன்று இடைவிடாது வழங்கப்படும் அறிவுரை ஒன்று உண்டு. திறமையாக உழைத்தால் மட்டும் போதாது. சோப்புக்கும் பற்பசைக்கும் ஒரு வணிகப் பெயர் இருப்பதுபோல் நீயும் ஒரு 'பிராண்ட்' ஆக வேண்டும் என்பதே அது. செய்த பணியைப் படத்தோடு இணையத்தில் வெளியிடுதல், மேடைகளில் தோன்றுதல், தன் சாதனைகளைத் தானே எடுத்துரைத்தல் ஆகியன அதற்கான வழிகளாகக் கூறப்படுகின்றன. நிறைகுடம் தளும்பாது என்று சொல்லி வளர்க்கப்பட்ட நம் பெண்மக்களுக்கு இது கூச்சத்தைத் தருகிறது. பெற்றோர்க்கோ ஐயத்தைத் தருகிறது. தன் பெயரைத் தானே பரப்புவது தற்பெருமை ஆகாதா?

இவ்வினா திருவண்ணாமலையில் கூடுதல் கூர்மை பெறுகிறது. சென்னை, பெங்களூர் ஆகிய இரு கணினி நகரங்களிலிருந்தும் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில் இவ்வூர் அமைந்துள்ளது. படித்த பெண்கள் இவ்விரு நகரங்களுக்கும் வேலை தேடிச் செல்கின்றனர். ஆனால் அவர்கள் பிறந்த ஊரின் நினைவில் ஆழப் பதிந்திருப்பதோ, தம் பெயரையே துறந்துவிட்ட ஒருவரின் வாழ்வு.

1896-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29 அன்று, வேங்கடராமன் என்னும் 16 வயது மாணவர் மதுரையில் தம் வீட்டைவிட்டுப் புறப்பட்டார். அண்ணனின் கல்லூரிக் கட்டணத்திற்கென்று தரப்பட்ட ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் வழிச்செலவுக்கு எடுத்துக்கொண்டு, மீதி இரண்டையும் ஒரு சிறு கடிதத்தையும் வைத்துவிட்டுச் சென்றார். அக்கடிதத்தில் முதலில் வரும் 'நான்' என்ற சொல், அடுத்து 'இது' என்று மாறிவிடுகிறது. இறுதியில் கையொப்பம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டுமே காணப்படுகிறது. செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை வந்து சேர்ந்த அவர், பின்னாளில் இரமண மகரிஷி என்று அழைக்கப்பட்டு, 1950-இல் மறையும்வரை இம்மலையை விட்டு அகலவில்லை. அவருடைய சமய நெறி வேறு, நம்முடையது வேறு. ஆயினும் தன்னை மறுத்தல் என்பது நமக்கு அந்நியமான பாடமன்று. அந்தக் கோடு நம் மனத்தையும் தொடவே செய்கிறது.

அப்படியாயின், கணினிப் பொறியாளராகிய பெண்ணும் தன் பெயரை விட்டுவிடுவதுதான் அறமா? இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். கையொப்பமிடாமல் விடுவதற்கு, முதலில் கையொப்பமிடும் உரிமை ஒருவருக்கு இருக்க வேண்டும். இருப்பதைத் தானே விடுவது துறவு. பிறர் எடுத்துக்கொண்டதைத் துறவு என்று எவ்வாறு அழைப்பது?

கணினியின் வரலாறே இதற்குச் சான்று. 1946 பிப்ரவரியில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், 'எனியாக்' என்னும் மின்னணுக் கணினி உலகுக்கு அறிமுகம் செய்யப்பட்டது. அதற்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள்: கேத்லீன் மெக்நல்டி, பிரான்சிஸ் பைலஸ், பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காப், ரூத் லிக்டர்மன். இவர்களுள் முதலிருவர், புனித சூசையப்பர் சபை அருட்சகோதரியர் நடத்திய செஸ்ட்நட் ஹில் கல்லூரியில் கணிதம் பயின்று 1942-இல் பட்டம் பெற்றவர்கள். அறிமுக நாளில் பார்வையாளர் வியந்து நோக்கிய கணக்கீடு இப்பெண்களின் உழைப்பால் இயங்கியது. அன்றிரவு நடந்த விருந்துக்கு அவர்கள் அழைக்கப்படவில்லை. 1980களில் கேத்தி கிளைமன் என்னும் மாணவி பழைய புகைப்படங்களில் இருந்த இப்பெண்கள் யார் என்று கேட்டபோது, இயந்திரத்தை அழகுபடுத்திக் காட்ட நிறுத்தப்பட்ட விளம்பர மங்கையர் என்றே அவருக்கு விடை கிடைத்தது. அவர் விடாது தேடியதன் பயனாகவே அவர்கள் பெயர் வெளிப்பட்டது. துறைசார்ந்த பெருமை அவர்களுக்கு 1997-இல்தான், அரை நூற்றாண்டு கழித்து, வந்து சேர்ந்தது.

நம் நாட்டிலும் இதற்கு இணையான செய்தி உண்டு. 1919-இல் சென்னையில் பிறந்த ஏ. லலிதா, 18 வயதில் கைக்குழந்தையோடு கணவரை இழந்தார். தந்தையின் துணையால் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் சேர்ந்து மின்பொறியியல் கற்றார். அவருக்குப் பின் லீலாம்மா ஜார்ஜும் பி. கே. திரேசியாவும் அங்கே கட்டடப் பொறியியல் பயில வந்தனர். இவர்கள் தேர்ச்சி பெற்றபோது, ஆண்களுக்கென்றே அச்சிடப்பட்டிருந்த பட்டச் சான்றிதழில் ஆண்பாற் சொல்லை அடித்துவிட்டுப் பெண்பாற் சொல்லைக் கையால் எழுத வேண்டியிருந்தது. லலிதா பின்னர் பக்ரா நங்கல் அணைக்கான மின்னாக்கிப் பணியில் பங்கேற்றார். 1964-இல் நியூயார்க்கில் நடந்த முதல் பன்னாட்டுப் பெண் பொறியாளர் மாநாட்டுக்கும் சென்றார். கேரளத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த திரேசியா, 1971-இல் அம்மாநிலப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளராக உயர்ந்தார். சான்றிதழில் செய்யப்பட்ட அந்தத் திருத்தத்தைத் தற்பெருமை என்று யாரேனும் கூறுவரா? அது உண்மையை உள்ளபடி எழுதியது, அவ்வளவே.

தாழ்ச்சியை உண்மையிலிருந்து பிரிக்கக் கூடாது என்று கற்பித்தவர் அவிலா நகர்ப் புனித தெரேசா. தான் பெற்ற கொடையை இல்லையென்பதும் ஒருவகைப் பொய்யே. ஆண்டுதோறும் அலுவலகத்தில் எழுதித் தர வேண்டிய தன்மதிப்பீட்டு அறிக்கையில், தான் தனியே இரவு பகலாய் முடித்த பணியை 'நாங்கள் செய்தோம்' என்று எழுதும் பெண், தாழ்ச்சியைக் கடைப்பிடிப்பதாக எண்ணக்கூடும். உண்மையில் அவள் பொய்க்கணக்கு ஒன்றை எழுதுகிறாள். அக்கணக்கை நம்பியே பதவியும் ஊதியமும் பகிரப்படுகின்றன. ஆகவே தன் உழைப்பின்கீழ்க் கையொப்பமிடுவது அவளுக்கு உரிமை மட்டுமன்று, உண்மைக்கு அவள் செலுத்தும் கடமையுமாகும்.

எனினும் கையொப்பம் வேறு, 'பிராண்ட்' வேறு. இந்த ஆங்கிலச் சொல்லின் வேர் எரித்தலைக் குறிக்கும். கால்நடையின் தோலில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் இடப்பட்ட சூட்டுக்குறியே முதலில் அப்பெயர் பெற்றது. தீபத் திருவிழாவையொட்டித் திருவண்ணாமலையில் கூடும் மாட்டுச் சந்தையைக் கண்டவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. சூட்டுக்குறி மாட்டின் பெருமைக்காக இடப்படுவதன்று. அது யாருடைய உடைமை என்பதைச் சந்தைக்கு அறிவிப்பது. கையொப்பம் பணி முடிந்தபின் அதன் அடியில் வருவது. 'பிராண்ட்' பணிக்கு முன்னே நடந்து, எதைச் செய்தால் கைதட்டல் கிடைக்கும் என்று பார்த்துப் பணியையே மாற்றிவிடுவது. நாள்தோறும் தன்னைக் காட்சிப்படுத்தியே தீர வேண்டிய ஒருத்தி, நாளடைவில் தனக்கே உரியவளாக இராமல், பார்க்கும் கண்களுக்கு உடைமையாகிவிடுகிறாள். மேலும், மென்பொருள் பலர் கூடிச் செய்யும் பொருள். 'பிராண்ட்' ஒரே முகத்தைக் கேட்கிறது. பிழை கண்டறிந்தவரும், நள்ளிரவில் சரிசெய்தவரும் அம்முகத்தின் பின்னே மறைந்துபோகின்றனர். எனியாக் பெண்களுக்கு நேர்ந்த அநீதியை, இம்முறை ஒரு பெண்ணே பிறர்க்குச் செய்ய நேரிடலாம்.

நம் ஆண்டவரின் மலைப்பொழிவில் இவ்விரு உண்மைகளும் அருகருகே உள்ளன. விளக்கை மரக்காலுக்குள் மறைக்காமல் தண்டின்மீது வைக்கச் சொன்னவரே, அறம் செய்யும்போது எக்காளம் ஊத வேண்டாம் என்றும் சொன்னார். இவை முரண் அல்ல. விளக்குத் தண்டின்மீது இருப்பது வீட்டிலுள்ளோர் வெளிச்சம் பெறுவதற்காக. எக்காளம் ஊதுபவரையே அனைவரும் திரும்பிப் பார்ப்பதற்காக. செங்கத்திலிருந்தோ போளூரிலிருந்தோ சென்று, குடும்பத்தில் முதன்முதலாகப் பொறியியல் கற்ற பெண் மேடையேறித் தான் கடந்த பாதையைச் சொல்லும்போது, பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு வழி புலப்படுமாயின், அது விளக்கு. பேசுமுன் அவள் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா இதுவே: இதனால் யாருக்கு வெளிச்சம்?

அருட்சகோதரி மேரி கென்னத் கெல்லர் இவ்வகையில் நினைக்கத் தக்கவர். 1965-இல் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற அவர், அமெரிக்காவில் அப்பட்டம் பெற்ற முதல் பெண். பட்டத்தைப் பெற அவர் நாணவில்லை. ஆய்வேட்டில் அவர் பெயர் உள்ளது. அதன்பின் அயோவா மாநிலத்தின் கிளார்க் கல்லூரியில் கணினித் துறையை நிறுவி, 20 ஆண்டுகள் அதை நடத்தி, 1985-இல் மறைந்தார். தாம் பெற்ற பெயரை, பிறர் நுழைவதற்கு ஒரு வாயிலாக்கினார்.

இறுதியாக, இச்சுமை முழுவதையும் பெண்ணின் தலையிலேயே ஏற்றுவது நேர்மையன்று. உடன் பணிபுரிவோரும் மேலாளரும் அவளுடைய பணியை அவளுடையது என்று உரிய இடத்தில் சொல்லியிருந்தால், அவள் தன்னைத்தானே முழங்க வேண்டிய தேவை எழுந்திராது. வீட்டிலும் அப்படியே. மகன் என்ன வேலை செய்கிறான் என்று கேட்டால் விரிவாக விளக்கும் நாம், மகளைப் பற்றிக் கேட்டால் 'கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். விடுமுறைக்கு அவள் ஊர் வரும்போது, அவள் செய்யும் பணி எத்தகையது என்று கேட்டறிந்து, அதைச் சரியான சொற்களால் நான்கு பேரிடம் சொல்ல நாம் கற்றுக்கொள்வோமாக.