ஒரே பெயர், இரு மனிதர்

போரில் மாண்ட வீரனின் பெயரைப் பொது இடமொன்றுக்குச் சூட்டுவது நற்செயல் என்பதில் ஐயமில்லை. ஆனால், சூட்டுவோரின் நோக்கம் வேறாயின், அது அவ்வீரனுக்குச் செய்யும் மரியாதையாகுமா? அமெரிக்காவில் நடந்தவொன்று இவ்வினாவை நம் முன் வைக்கிறது.

அங்கே ஒன்பது இராணுவ முகாம்கள், அடிமை முறையைக் காக்கவெனப் பிரிந்துசென்ற தென்மாநிலங்களின் படைத்தலைவர் பெயர்களை நெடுங்காலம் தாங்கி நின்றன. அப்பெயர்களை அகற்றும் சட்டம், ஜனாதிபதி ட்ரம்பின் மறுப்பையும் மீறி 2021இல் நிறைவேறியது. 2023இல் ஒன்பது முகாம்களும் புதுப் பெயர் பெற்றன. 2025இல் பழைய பெயர்கள் யாவும் திரும்பி வந்தன. சட்டம் குறுக்கே நின்றமையால், அதே குடும்பப் பெயர்கொண்ட வேறு வீரர்களைத் தேடிப் பிடித்தனர்.

ஜோர்ஜியாவிலுள்ள கோர்டன் முகாம் முன்னர் தென்படைத் தளபதி ஜோன் கோர்டனின் பெயரைக் கொண்டிருந்தது. இன்று அது கரி கோர்டனின் பெயராம். 1993இல் சோமாலியாவின் மொகடிஷு நகரிலே, சுட்டு வீழ்த்தப்பட்ட ஹெலிகொப்டரில் காயமுற்றுக் கிடந்தோரைக் காக்கத் தாமாகவே அனுமதி கேட்டு இறங்கி உயிர்கொடுத்தவர் அவர். வேர்ஜீனியாவிலே ஆதர் கிரெக், சரிற்றி அடம்ஸ் என்னும் இரு கறுப்பின அதிகாரிகளின் பெயர்கள் நீக்கப்பட்டன. 1898இல் கியூபாவில் காயமுற்ற தோழரை மீட்ட கறுப்பினச் சிப்பாய் ஃபிற்ஸ் லீயின் பெயரால், 'லீ முகாம்' மீண்டும் வந்தது. ஆயினும், 2025 ஜூனில் இதனை அறிவித்த ஜனாதிபதியின் நாவில் வந்ததோ தளபதி ரொபேர்ட் லீயின் பெயரே!

தளபதிகளுக்கே உரித்தாயிருந்த பெருமை சாதாரணச் சிப்பாயை வந்தடைவது முன்னேற்றமன்றோ என்று நண்பர் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. கரி கோர்டனை அந்நாட்டுக்கு அனுப்பிய அரசியலை நாம் ஏற்கவில்லை. ஆயினும் தோழருக்காக அவர் உயிரீந்ததை மதிக்கிறோம். மதிப்பதனாலேயே கேட்கிறோம்: அவர் வேறு குடும்பப் பெயருடன் பிறந்திருப்பின், அந்த முகாமுக்கு அவரை எவரேனும் நினைத்திருப்பாரா? தேடப்பட்டது அவரது தியாகமன்று; அவர் பெயரின் எழுத்துக்களே.

மனிதனை வெறும் கருவியாக்கலாகாது என்றார் காண்ட். மறுத்துரைக்க வாயில்லாத இறந்தவன் விடயத்தில் அந்நெறி இன்னும் கண்டிப்பானது. அடிமை முறைக்காகப் போராடியவனின் நினைவை மறைத்து வைக்கும் திரையாக, பிறருக்காக மாண்டவனைப் பயன்படுத்துவது அவனுக்கு இழைக்கும் அவமதிப்பாகும்.

முகாமின் வாயிலில் நின்று ஒரு சிறுவன், "இந்தக் கோர்டன் யார்?" என்று கேட்டால், பெரியோர் ஒரே விடையை வெட்கமின்றிச் சொல்ல முடிய வேண்டும். கரி கோர்டனுக்கு நினைவிடம் வேண்டும் என்றே நாமும் சொல்கிறோம். அது ஜோன் கோர்டனின் நிழல் படியாத இடமாக இருக்கட்டும்.