அளவு சொல்லாத சட்டம்: சிறு விமானத்தின் வெளிப்புறக் கேமராவும் விமானியின் பொறுப்பும்

சிறு தனியார் விமானத்தின் இறக்கையிலோ சக்கரத் தண்டிலோ வாலிலோ ஒரு கேமராவைப் பொருத்திப் பறப்பது சட்டப்படி சரியா என்பது, கைக்குள் அடங்கும் கேமராக்கள் பெருகிய பிறகு அமெரிக்க விமானிகள் அடிக்கடி எழுப்பும் கேள்வி. மேலோட்டமாகப் பார்த்தால் இது திருகாணியும் பட்டையும் சம்பந்தப்பட்ட சின்ன விஷயம். ஆனால் இதன் அடியில் சட்டத் தத்துவத்தின் பழைய கேள்வி ஒன்று இருக்கிறது. எல்லையை எண்ணால் வரையாமல், ஆராய்ந்து முடிவெடுக்கும் வேலையை மனிதரிடமே விடும் சட்டத்துக்கு ஒருவர் எப்படிக் கீழ்ப்படிவது? அப்படிப்பட்ட சட்டம் குறையுள்ளதா, அல்லது அதுதான் சரியான சட்டமா?

அமெரிக்கக் கூட்டாட்சி விமான விதிகளில் இதற்கான விடை ஒரே இடத்தில் இல்லை. விதிகளின் முதல் பகுதி, விமானத்தில் செய்யும் மாற்றங்களைப் பெரியவை, சிறியவை என இரண்டாகப் பிரிக்கிறது. எடை, சமநிலை, கட்டமைப்பின் வலிமை, செயல்திறன், பறக்கும் இயல்பு ஆகியவற்றைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கக்கூடிய மாற்றம் பெரியது. ஏற்கப்பட்ட நடைமுறைப்படியோ எளிய வேலைமுறைகளாலோ செய்ய முடியாததும் பெரியதே. மற்றதெல்லாம் சிறியது. பெரிய மாற்றத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட தொழில்நுட்பத் தரவு, 337ஆம் எண் படிவம், ஆய்வு அதிகாரம் பெற்ற மெக்கானிக்கின் ஒப்புதல் ஆகியவை வேண்டும். சிறிய மாற்றத்துக்கு உரிமம் பெற்ற மெக்கானிக் லாக்புக்கில் பதிவு செய்து கையெழுத்திட்டால் போதும். சோதனை வகைச் சான்றிதழ் பெற்ற, சொந்தமாகக் கட்டிய விமானங்கள் பெரும்பாலும் இந்தப் பராமரிப்பு விதிகளின் கீழ் வருவதில்லை. அவற்றுக்குச் சான்றிதழோடு தரப்படும் இயக்க வரம்புகளே விதி.

இவற்றோடு, எந்த விமானத்துக்கும் பொருந்தும் மூன்று கட்டளைகள் 91ஆம் பகுதியில் உள்ளன. விமானம் பறக்கும் தகுதியில் இருக்கிறதா என்று தீர்மானிக்கும் பொறுப்பு தலைமை விமானியுடையது. பிறர் உயிரையோ உடைமையையோ ஆபத்துக்கு உள்ளாக்கும் வகையில் கவனக்குறைவாகப் பறக்கக் கூடாது. கீழே இருப்பவர்களுக்கு ஆபத்து விளைவிக்கும் எந்தப் பொருளையும் விமானத்திலிருந்து விழ விடக் கூடாது. கேமரா பொருத்தும் விமானி இந்த மூன்றுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

சிக்கல் ‘குறிப்பிடத்தக்க அளவில்’ என்ற சொற்களில் இருக்கிறது. எத்தனை கிராம், எத்தனை சென்டிமீட்டர், எந்த வேகம் என்று விதி சொல்லவில்லை. இறக்கையில் ஒட்டிய சிறு ஸ்டிக்கரை யாரும் பெரிய மாற்றம் என்று சொல்லமாட்டார்கள். இறக்கைத் தாங்கியில் துளையிட்டுப் பொருத்திய பத்துக் கிலோ படப்பிடிப்புக் கருவியைச் சிறிய மாற்றம் என்றும் யாரும் சொல்லமாட்டார்கள். இவ்விரண்டுக்கும் நடுவே எந்தக் கிராமில் எல்லை விழுகிறது? கிரேக்கத் தத்துவ அறிஞர் யூபுலிடீஸின் பெயரோடு வழங்கும் மணற்குவியல் புதிர் இதே வடிவம் கொண்டது. ஒரு மணியை எடுத்தால் குவியல் குவியலாகவே இருக்கும்; இன்னொன்றை எடுத்தாலும் அப்படியே. ஆனாலும் எடுத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் குவியல் இல்லை.

இருபதாம் நூற்றாண்டின் சட்டத் தத்துவம் இதை நேராக எதிர்கொண்டது. 1958இல் ஹார்வர்ட் லா ரிவ்யூ இதழில் வெளியான கட்டுரையில் எச்.எல்.ஏ. ஹார்ட், பூங்காவுக்குள் வாகனங்களைக் கொண்டுவரக் கூடாது என்ற விதியை எடுத்துக்காட்டாக வைத்தார். காருக்குத் தடை என்பதில் ஐயம் இல்லை. சைக்கிள்? சறுக்குச் சக்கரக் காலணி? பொம்மைக் கார்? விமானம்? எந்தப் பொதுச் சொல்லுக்கும் ஐயமற்ற ஒரு மையமும் ஐயத்துக்கு இடமான ஒரு விளிம்பும் உண்டு என்றார் ஹார்ட். விளிம்பில் நிற்கும் நிகழ்வுகளைச் சொல்லின் பொருளை மட்டும் வைத்துத் தீர்க்க முடியாது. அவரோடு விவாதித்த லோன் ஃபுல்லர், விதி எதற்காக இருக்கிறது என்ற நோக்கத்தைப் பார்க்காமல் மையத்தைக்கூட அடையாளம் காண முடியாது என்று வாதிட்டார்.

கேமராவின் விஷயத்தில் நோக்கம் தெளிவானது: விமானம் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், எதுவும் கழன்று விழக் கூடாது. இந்த நோக்கத்தை எண்ணில் அடைக்க முடியாததற்குக் காரணம் காற்றின் இயல்பில் இருக்கிறது. காற்றின் தடை, வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. நாற்பது சதுர சென்டிமீட்டர் முகப்புள்ள ஒரு கேமரா உறையின் மீது, 100 நாட் வேகத்தில், ஏறத்தாழ 650 கிராம் எடைக்குச் சமமான விசை விழும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். அதே கேமரா எங்கே இருக்கிறது என்பது இன்னும் முக்கியம். இறக்கைத் தாங்கியில் பாதிப்பில்லாமல் இருக்கும் எடை, ஏலரான், எலிவேட்டர் போன்ற அசையும் கட்டுப்பாட்டுப் பாகத்தில் ஏறினால் அந்தப் பாகத்தின் சமநிலையைக் குலைக்கலாம். அது ஃப்ளட்டர் என்னும் கட்டுக்கடங்காத அதிர்வுக்கு வழிவகுத்துப் பாகத்தையே முறிக்கலாம். வேகத்தை அளக்கும் பிட்டோ குழாயின் அருகே இருந்தால் கருவி தவறான வேகத்தைக் காட்டலாம். கேமராவை ஒட்டப் பயன்படும் ரப்பர் உறிஞ்சு கிண்ணத்தின் பிடிப்பு வெளிக்காற்றின் அழுத்தத்தால் கிடைப்பது. 10,000 அடி உயரத்தில் அந்த அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் எழுபது சதவீதம் அளவுதான். தரையில் இழுத்துப் பார்த்தபோது அசையாத கிண்ணம் மேலே அதே உறுதியோடு இருக்கும் என்று நம்ப இடமில்லை.

ஆகவே ‘200 கிராமுக்குக் கீழ் அனுமதி’ என்று ஒரு விதி எழுதினால், தாங்கியில் பத்திரமாகக் கட்டிய 250 கிராம் கேமரா தடைபடும். எலிவேட்டரில் ஒட்டிய 150 கிராம் கேமரா அனுமதி பெறும். எண்ணால் எழுதிய விதி தெளிவாக இருக்கும், ஆனால் நோக்கத்துக்கு எதிராகத் திரும்பும். அரிஸ்டாட்டில் நிகோமாக்கிய அறவியலின் ஐந்தாம் நூலில் இதைத்தான் விளக்குகிறார். சட்டம் பொதுவாகப் பேசியே ஆக வேண்டும். மனிதச் செயல்களின் பொருளோ பொதுவுக்குள் முழுதாக அடங்காது. பிழை சட்டத்திலும் இல்லை, சட்டம் இயற்றியவரிடமும் இல்லை. விஷயத்தின் தன்மையிலேயே இருக்கிறது. லெஸ்போஸ் தீவின் கட்டடக் கலைஞர்கள் வளைந்த கல்லை அளக்கக் கல்லின் வடிவுக்கு வளையும் ஈய அளவுகோலைப் பயன்படுத்தியதை அவர் உவமை சொல்கிறார். ‘குறிப்பிடத்தக்க’ என்ற சொல் விமான விதியில் அந்த ஈயக்கோலின் வேலையைச் செய்கிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தெளிவில்லாத விதியை வைத்து ஒருவரைத் தண்டிப்பது நியாயமா? 1931இல் மெக்பாயில் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், திருட்டு விமானத்தை மாநில எல்லை கடத்திச் சென்றவரை மோட்டார் வாகனத் திருட்டுச் சட்டத்தின் கீழ் தண்டிக்க மறுத்தது. ‘மோட்டார் வாகனம்’ என்ற சொல் சாதாரண மனிதரின் மனத்தில் தரையில் ஓடும் வண்டியையே குறிக்கும், சட்டம் எங்கே கோடு கிழிக்கிறது என்பது முன்கூட்டியே மக்களுக்குத் தெரிய வேண்டும் என்பது நீதிபதி ஹோம்ஸின் நிலைப்பாடு. ஃபுல்லரும் 1964இல் வெளிவந்த நூலில் தெளிவைச் சட்டத்தின் உள்ளார்ந்த அறங்களில் ஒன்றாக வைத்தார்.

இந்த மறுப்பைத் தள்ளிவிட முடியாது. ஆனால் சொல் எதைச் சுட்டுகிறது என்று தெரியாமல் இருப்பதும், எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்தும் விடையைச் சூழலில் தேட வேண்டியிருப்பதும் வேறு வேறு. விமானிக்குக் கேட்க வேண்டியவை தெரியும்: எடை எவ்வளவு, எங்கே, எந்த வேகத்தில், கழன்றால் எதன் மீது படும். விடை தெரியாவிட்டால் மெக்கானிக்கையும், அமெரிக்கக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.யின் உள்ளூர் அலுவலகத்தையும் கேட்கும் வழி இருக்கிறது. கேட்டறியும் வழி திறந்திருக்கும் இடத்தில் எண் இல்லாததை அநீதி என்று சொல்ல முடியாது.

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. தன் வழக்கில் தானே நீதிபதியாக இருக்கக் கூடாது என்பது நீதியின் அடிப்படை. படம் எடுக்க ஆசைப்படுபவரே இந்தக் கேமராவால் பாதிப்பு குறிப்பிடத்தக்கதா என்று தீர்ப்புச் சொல்லும்போது, ஆசை தராசில் விரல் வைக்கிறது. மெக்கானிக்கின் கையெழுத்தை வெறும் சடங்காகப் பார்ப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அந்தப் படத்தால் எந்த லாபமும் இல்லாத இரண்டாவது கண் ஒன்று அங்கே தேவைப்படுகிறது. விதி ஆராய்ச்சியை மனிதரிடம் விட்டாலும், அந்த மனிதரைத் தனியாக விடவில்லை.

ஆபத்தைச் சுமப்பவர் யார் என்பதும் இதோடு சேர்ந்தது. விமானி தன் உயிரைப் பற்றித் தானே முடிவெடுக்கிறார். உடன் வருபவரிடம் சொல்லிச் சம்மதம் பெறலாம். கீழே வயலில் நிற்பவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. 150 கிராம் கேமரா உயரத்திலிருந்து விழுந்தால் மணிக்கு ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வேகத்தில் தரையை அடையும். ஒரே மாதிரி அலட்சியமாகப் பொருத்திய இரு விமானிகளில் ஒருவரின் கேமரா காட்டில் விழலாம், மற்றவருடையது ஒரு குழந்தையின் தலையில் விழலாம். 1976இல் தத்துவ அறிஞர்கள் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் விவாதித்த ‘அறத்தில் அதிர்ஷ்டம்’ என்ற சிக்கல் இதுதான். உலகம் இரண்டாமவரை மட்டுமே குற்றவாளியாகப் பார்க்கும். ஆனால் இருவரும் செய்த தவறு ஒன்றே. அது புறப்படுவதற்கு முன்பே, தரையில் செய்யப்பட்டுவிட்டது. இதுவரை எதுவும் விழவில்லை என்பது சரியாகப் பொருத்தியதற்குச் சான்று ஆகாது.

கருவி சரியாகப் பொருத்தப்பட்டும் நோக்கம் கெட்டுப்போகலாம். 2021 நவம்பரில் கலிபோர்னியாவில் யூடியூபர் ட்ரெவர் ஜேக்கப், தன் சிறு டெய்லர்கிராஃப்ட் விமானத்தின் பல இடங்களில் கேமராக்களைப் பொருத்திப் பறந்தார். நடுவானில் விமானத்தைக் கைவிட்டுப் பாராசூட்டில் குதித்தார். விமானம் லாஸ் பாட்ரெஸ் தேசியக் காட்டில் விழுந்தது. காட்சி இணையத்தில் ஏறியது. 2022இல் எஃப்.ஏ.ஏ. அவருடைய விமானி உரிமத்தை ரத்து செய்தது. பார்வையாளர்களையும் விளம்பரப் பணத்தையும் பெறவே வேண்டுமென்று விழவைத்ததை அவர் ஒப்புக்கொண்டார். சிதைவுகளை அகற்றி அழித்து விசாரணையைத் தடுக்க முயன்ற குற்றத்துக்காக 2023 டிசம்பரில் ஆறு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அவருடைய கேமராக்கள் எப்படிப் பொருத்தப்பட்டன என்பது இங்கே முக்கியமில்லை. பறத்தலைப் பதிவு செய்ய வந்த கருவி, பறத்தலையே தனக்குப் பலியாகக் கேட்டது. சின்ன அளவில் இதே தலைகீழ் மாற்றம், நல்ல காட்சிக்காகத் தாழப் பறப்பதிலும், கேமரா நகர்ந்ததா என்று பார்க்க ஓடுபாதையிலிருந்து கண்ணை எடுப்பதிலும் நிகழ்கிறது.

வெளிப்புறக் கேமரா பொருத்துவதற்கு ஒட்டுமொத்தமான தடை இல்லை. ஒட்டுமொத்தமான அனுமதியும் இல்லை. எந்த விமானம், எந்தச் சான்றிதழ், எந்த இடம், எந்தப் பிடிப்பு என்பதைப் பொறுத்து விடை மாறும். இந்த நெகிழ்வைச் சட்டத்தின் ஓட்டையாகக் கருதி நுழைபவர் விதியை மீறாமலேயே அதைத் தோற்கடிக்கிறார். விதி அவரிடம் ஒப்படைத்தது விருப்பத்தை அல்ல, கடமையை. எடையைக் கணக்கிட்டு, மற்றொருவரின் கண்ணுக்குக் காட்டி, கீழே இருப்பவரை நினைத்து, ஐயம் மிஞ்சினால் கேமராவைக் கழற்றி உள்ளே வைக்கத் தயாராக இருப்பவரே அந்தச் சட்டத்துக்கு முழுமையாகக் கீழ்ப்படிகிறார்.