வாசகன் கடன்

அச்சிட்ட நூலொன்றை ஒளிவருடி, கையடக்கத் தொலைபேசி வழியே நூறு பேருக்கு அனுப்புதல் இன்று எளிதாகிவிட்டது. அனுப்புபவன் தன்னை அறிவைப் பரப்புபவனாகவே கருதுகின்றான். அக்கருத்து எவ்வளவிற்குப் பொருந்தும் என்பது ஆராயத்தக்கது.

பிரதியெடுத்தல் தன்னளவிற் குற்றமன்று. ஏட்டிலிருந்த கலித்தொகையைச் சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் அச்சேற்றியமையாலேயே அது பலர் கைக்கு எட்டியது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவ்விழப்பை அறிந்த சமூகம், கிடைத்தற்கரிய பழைய நூல்களை மின்வடிவிற் பேணுவதைக் குறை கூறவியலாது.

ஆயின், இந்நியாயத்தை வாழும் எழுத்தாளனின் புதிய நூலுக்கும் நீட்டுதல் தகாது. ஈழத்து நூலாசிரியர் பலர் கைப்பணத்தைச் செலவிட்டே சில நூறு பிரதிகளை அச்சிடுகின்றனர். வெளியீட்டு விழாவில் விற்றவை போக எஞ்சியவை வீட்டு மூலையிற் கிடக்கின்றன. அச்சகக் கடன் தீராதவன் அடுத்த நூலை எழுதினாலும் வெளியிடத் துணியான். அந்நிலையில், கேளாது எடுத்த பிரதி இனி வரவிருக்கும் நூலுக்கே தடையாகின்றது.

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், ஆசிரியரின் வாழ்நாளிலும் அதன்பின் 70 ஆண்டுகளும் பதிப்புரிமையைக் காக்கின்றது. எனினும், தனியறையில் நிகழ்வதைச் சட்டம் காண்பது அரிது. அங்கு மனச்சாட்சியே காவல்.

வறிய மாணவன் என் செய்வான் எனும் வினா நியாயமானதே. அவன் நூலகத்தை வாங்குமாறு வேண்டலாம். நண்பரோடு பங்கிட்டு வாங்கலாம். ஆசிரியரிடமே இசைவு கேட்கலாம். வாங்க வல்லவனுக்கோ அத்தகைய சாட்டு எதுவுமில்லை. நல்ல நூல்கள் வேண்டுமென விழையும் வாசகன், அவற்றை எழுதுவோரைத் தாங்கும் பொறுப்பிலும் பங்கேற்றல் வேண்டும்.