இறக்கத்தில் கேட்கும் கேள்வி

எங்கள் மலைக்கிராமமான வடகவுஞ்சியில் சமதளம் என்று சொல்ல வீட்டு முற்றத்தைத் தவிர அதிகமில்லை. வீடு மேலே இருந்தால் காப்பித் தோட்டம் கீழே இருக்கும். வீடு கீழே இருந்தால் மலைவாழை மேலே. இப்படிப்பட்ட ஊரில் அறுபது வயதுக்கு மேல் கால் முறிந்தால், எலும்பு கூடிய பிறகுதான் உண்மையான பாடு தொடங்குகிறது. மழை வழுக்கலில் எனக்கு அப்படித்தான் ஆனது. மாவுக்கட்டைப் பிரித்து, எலும்பு நன்றாகக் கூடிவிட்டது என்றார்கள். முழங்கால்தான் ஒத்துவரவில்லை.

ஏற்றத்தில் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். உயிர் போவது இறக்கத்தில். இறங்கும்போது முழங்கால் மடங்க, உடம்பு முழுவதும் முன்னால் சரியப் பார்க்கும். தொடையின் முன்தசைதான் பிரேக் மாதிரி அதைப் பிடித்துப் பிடித்து விட வேண்டும். படியிறங்கும்போது மூட்டின் மேல் உடல் எடையைப் போல மூன்று மடங்குக்கும் கூடுதலான சுமை விழுவதாக அளந்திருக்கிறார்கள். கட்டோடு படுத்துக் கிடக்கையில் வேகமாக இளைப்பதும் அந்தத் தசையேதான். இரண்டு தொடைகளையும் டேப்பால் சுற்றிப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

ஊரில் இதற்கு இரண்டு யோசனைகள் கிடைக்கும். "இந்த வயசுல தோட்டம் எதுக்குப்பா, பேசாம உக்காருங்க" என்பான் மகன். "நடக்க நடக்கத்தாண்ணே சரியாகும், வலியெல்லாம் பாக்காதீங்க" என்பார் பக்கத்துத் தோட்டக்காரர். உட்கார்ந்தே இருந்தால் தசை இன்னும் இளைக்கும். வலியோடு மல்லுக்கட்டினால் மூட்டு வீங்கும். இரண்டு பேரும் அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் எதை விடுவது, எதை விடக்கூடாது என்று பிரித்துப் பார்க்க இருவருக்கும் பொறுமையில்லை. அதை அவரவர்தான் பிரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நான் விட்டவை: தலைச்சுமை, அவசரம், செங்குத்தான குறுக்குத்தடம். விடாதது சரிவு. வளைந்து போகும் பாதையில் பக்கவாட்டாக இறங்குகிறேன். படி வந்தால் ஏற நல்ல கால் முதலில், இறங்க நோவுக் கால் முதலில். காலையில் கட்டிலில் காலை நீட்டி, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, தொடையை இறுக்கி அதை அழுத்தி, ஐந்து எண்ணிவிட்டுத் தளர்த்துவேன். பார்ப்பவர்களுக்குச் சும்மா படுத்திருப்பது போலத்தான் தெரியும். உடம்பைக் கொஞ்சம் குறைத்ததும் உதவியது. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு நான்கு கிலோ சுமை குறைவதாக 2005இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது.

கைத்தடிதான் எல்லோருக்கும் கசக்கிறது. பலர் அதை நோவுக் கால் பக்கமே பிடிக்கிறார்கள். எதிர்க்கையில் பிடித்தால்தான் சுமை குறையும். பிடி மணிக்கட்டு மடிப்பின் உயரத்துக்கு இருக்க வேண்டும். கௌரவம் பார்ப்பவர்கள் எங்கள் மலையடிவாரத்துப் பழனியைப் பார்க்கலாம். அங்கே முருகனே தண்டூன்றித்தான் நிற்கிறான். 693 படிகளும் ஏற முடியாதவர்களுக்கு 1966 முதல் இழுவை ரயில் இருக்கிறது, 2004 முதல் ரோப் காரும் ஓடுகிறது. அவற்றில் போனவருக்குத் தரிசனம் குறைந்ததாக யாரும் சொன்னதில்லை.

தேய்ந்தே போன மூட்டுக்கு அறுவை சிகிச்சையும் இருக்கிறது. வாஜ்பாய் பிரதமராக இருந்தபோதே 2000இலும் 2001இலும் மும்பையில் இரண்டு முழங்கால்களிலும் மாற்று மூட்டு வைத்துக்கொண்டார். ஆனால் புது மூட்டைத் தாங்குவதும் பழைய தொடைதான்; அதற்கும் அதே பயிற்சியைச் செய்துதான் ஆக வேண்டும்.

உதவி கேட்பது தோற்றுப்போவது என்று நினைப்பவர்கள் கடைசி வரை கேட்காமல் இருந்து, பிறகு எல்லாவற்றுக்கும் கேட்கும்படி ஆகிவிடுகிறார்கள். நம் பங்கைச் செய்யத் தெம்பிருக்கும்போதே கேட்டால், கேட்பதிலும் ஒரு நியாயம் இருக்கும். மகனிடம் சொல்லிவிட்டேன்: மூட்டை தூக்குவது அவன் வேலை, காப்பிப் பழம் பறிப்பது என் வேலை.