விரதத்தில் இளைப்பாறுதல்



ஐப்பசித் திங்களிலே சுக்கிலபக்ஷப் பிரதமை முதலாக ஆறு நாளும் அநுட்டிக்கப்படும் கந்தசட்டி விரதத்தை நம் யாழ்ப்பாணத்து மாதர் பெருந்தொகையினராய் நோற்று வருதல் யாவரும் அறிந்ததே. இதுபற்றி நாம் பெருமிதமும் கொள்ளுகின்றோம். ஆயின், அவர் எந்நிலையில் நின்று நோற்கின்றனர் என்பதை ஆராய்ந்தோமல்லேம்.

விடியுமுன் எழுந்து, வீடு கூட்டி மெழுகி, நீராடி, நோலாத பிள்ளைகட்கும் முதியோர்க்கும் வேளைதோறும் உணவாக்கி, நோற்குங் கணவனுக்குப் பாலும் பழமும் எடுத்துவைத்து, மாலையிலே கோயிலுக்கு விரைந்து, மீண்டும் அடுப்படி புகுகின்றாள் இல்லக்கிழத்தி. உத்தியோகத்துக்குச் செல்பவளாயின் அச்சுமையும் இதனோடு கூடும். ஆறாம் நாள் சூரசங்காரங் கண்டு திரும்பிய ஆடவர் திண்ணையிலே சாய்ந்து கந்தபுராணம் பேசியிருப்பர். அவளோ ஆறு நாட் களைப்போடு திருவலையின் முன்னிருந்து மறுநாட் பாரணைக்குத் தேங்காய் திருவுவாள். இதனை எழுதும் யாமும் இலை போட்டபின் வந்து அமர்ந்தவரே. கறியில் உப்புக் குறைவென்று சொன்னதும் உண்டு. நோன்பிருந்தவள் சுவை பாராது சமைத்தாளென்பது அப்பொழுது நினைவில் எழவில்லை.

விரதமாவது யாது? 1879ஆம் ஆண்டிற் சிவபதமடைந்த நாவலர் பெருமான், மனம் பொறிவழிப் போகாது நின்று இறைவனை வழிபடுதற்பொருட்டே உணவை விடுத்தலும் சுருக்கலும் என்பதைச் சைவவினாவிடையிலே தெளிவித்தனர். அங்ஙனமாயின், ஒரு நாழிகையேனும் அமைதியாக அமர்ந்து சடாக்கரத்தைச் சிந்திக்க இடம் பெறாதவளுக்கு எஞ்சுவது பட்டினி ஒன்றே. விரதத்தை நாம் பறித்துக்கொண்டு பட்டினியை மாத்திரம் அவளுக்கு விட்டோம். அவள் இளைப்பாறுதல் சோம்பலென்று கூறுவோர் இதனை உன்னுவாராக. அஃது அவள் நோன்பின் உறுப்பேயாம்.

கோயிலிலே உச்சிக்காலப் பூசையின்பின் நடை சாத்துகின்றோம். இரவிலே பள்ளியறைப் பூசை செய்கின்றோம். உறக்கமென்பதில்லாத பரம்பொருளுக்கும் ஓய்வு அமைத்த நாம், உடம்பெடுத்த பெண்ணுக்கு அதனை அமைத்திலேம்!

வந்தியின் வரலாறு சிறுவரும் அறிவர். வைகை பெருகியபொழுது கரையடைக்கும் பங்கு பிட்டு விற்கும் அம்முதியாள்மேலும் விழுந்தது. ஆளில்லாத அவளுக்கு ஆளாக வந்தவன் சோமசுந்தரக் கடவுள். அவளைப் பொறுமையாயிரு என்று அவன் உபதேசிக்கவில்லை, தவமென்று புகழவுமில்லை. கூடையைத் தன் தலையில் ஏற்றான். அவ்வளவேயோ? ஆடினான், பாடினான், பிட்டை உண்டான், வேலைக்கு நடுவே படுத்து உறங்கினான். பாண்டியன் பிரம்பால் அடித்தபொழுது அவ்வடி அரசன் முதுகிலும் எல்லா உயிர்கள் மேலும் பட்டதென்பது புராணம். நம் இல்லங்களிற் களைத்தோர்மேல் விழும் சுடுசொல் எங்கெங்கே படுமோ, சிந்திமின்.

இதனை எத்தனையோ முறை பிரசங்கித்தோம்; கேட்டோம். பிரசங்கம் முடிந்ததும் வீடு சென்று, தேநீர் வேண்டுமென்று குரல் கொடுத்தோம்.

ஆதலின் வருகின்ற கந்தசட்டியிலே, சூரசங்காரத்தன்றிரவு திருவலையும் அரிவாளும் ஆடவர் கைக்கு வருக. ஆறு நாளும் நண்பகலில் ஒரு முகூர்த்தமேனும் அடுப்படிக் கதவு சாத்தப்படுக. அவ்வேளையில் அவள் செபஞ்செய்தாலுஞ் சரி, பாய் விரித்துக் கண்ணயர்ந்தாலுஞ் சரி, எவரும் அழையாதிருக்க. பாரணைக் கறியில் உப்புக் குறையுமாயின், குறைக.