ரேகை போனால் ஆள் போனாரா?

நவம்பர் பிறந்துவிட்டால் என் கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஒரே வேலைதான். தாங்கள் இன்னும் உயிரோடு இருக்கிறோம் என்று அரசாங்கத்துக்குச் சொல்ல வேண்டும். மயிலாடுதுறையில் சின்னதாக ஒரு சேவை மையம் நடத்துகிறேன். இ-சேவை, பொது சேவை இரண்டுக்கும் ஐ.டி. உண்டு. ஒரு கணினி, பிரிண்டர், ரேகை மெஷின், லேமினேஷன் மெஷின், நாலு பிளாஸ்டிக் நாற்காலி. ஆண்டு முழுக்க வருமானச் சான்று, சாதிச் சான்று, பட்டா நகல் என்று ஓடும். இந்த ஒரு மாதம் மட்டும் ஓய்வூதியர்கள்.

மாதம் ஒரு ஞாயிறு திருவாவடுதுறை ஆதீனத்தின் சைவ சித்தாந்த வகுப்புக்கும் போய்வருகிறேன். போன ஆண்டு அங்கே சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரம் நடந்ததும், கடையில் நாற்காலிகள் நிறைந்ததும் ஒரே சமயம். மெய்கண்டார் அந்தச் சூத்திரத்தில் எடுத்துக்கொள்வது, உயிர் என்று ஒன்று உண்டா என்ற கேள்வி. என் கடையில் கேட்கப்படுவது, இன்னாருடைய உயிர் இன்னும் இருக்கிறதா என்பது. முன்னதற்கு அவர் ஏழு காரணம் சொல்லி விடை காண்கிறார். பின்னதற்கு எங்கேயோ இருக்கும் ஒரு சர்வர் சில விநாடிகளில் விடை சொல்லிவிடுகிறது. இந்த இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

முதலில் அரசாங்கத்தின் பக்கத்து நியாயம். ஜீவன் பிரமாண் என்ற இந்த ஏற்பாடு 2014 நவம்பர் 10-இல் தொடங்கியது. அதற்கு முன் ஓய்வூதியர் வங்கிக்கோ அலுவலகத்துக்கோ நேரில் போக வேண்டும், அல்லது ஓர் அதிகாரியின் கையெழுத்தோடு சான்று கொடுக்க வேண்டும். மகன் வீட்டுக்கு பெங்களூருக்குப் போன பெரியவர், இதற்காகவே பஸ் ஏறி ஊருக்கு வருவார். இப்போது ஆதார் எண்ணைத் தட்டி, விரலை வைத்தால் போதும். எந்த ஊரிலிருந்தும் வைக்கலாம். 80 வயதானவர்கள் நவம்பர் வரை காத்திருக்கவும் வேண்டாம், அக்டோபரிலேயே கொடுக்கலாம். இறந்தவர் பெயரில் பணம் போய்க்கொண்டே இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் கேட்கிறார்கள், கேட்பது தப்பில்லை. அப்பா போன பிறகும் அவருடைய ஏ.டி.எம். கார்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு.

சிக்கல் விரல் வைத்த பிறகு. போன ஆண்டு, நகராட்சியில் துப்புரவு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பாட்டி வந்தார். முப்பது வருஷம் சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் தொட்ட கை. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தோம். சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, தேங்காய் எண்ணெய் தொட்டு, மறுபடி வைத்தோம். எண் 300 வந்தது. பொருந்தவில்லை என்று அர்த்தம். திரையை எட்டிப் பார்த்தவரிடம், "ரேகை அழிஞ்சு போச்சு பாட்டி, ஆள் தெரியலைங்குது" என்றேன். அவர் கையைத் திருப்பி ஒருமுறை பார்த்துவிட்டு, "ரேகைதானே போச்சு பாப்பா, நான் போகலையே" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்றாம் சூத்திரத்தில் உள்ள இரண்டாவது காரணமே அதுதான். என் உடல் என்று ஒருவன் சொல்கிறான் என்றால், சொல்கிறவன் வேறு, உடல் வேறு. என் வீடு என்கிறவன் வீடு ஆகிவிட மாட்டான். முதல் காரணம் இன்னும் நுட்பம்: இது உயிரில்லை, அதுவும் உயிரில்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாலும், அப்படித் தள்ளுகிற ஒருவர் மிஞ்சுகிறார் அல்லவா, அவர் யார்? பாட்டியின் பத்து விரலையும் மெஷின் தள்ளியது. பதினோராவதாக அவர் பேசினார். மெஷினில் அதைக் கேட்பதற்கு இடமில்லை.

இங்கே நிறுத்தியிருந்தால் இது உருக்கமான ஒரு பேச்சு மட்டும்தான். மெஷினுக்கு மனசில்லை என்று யாரும் சொல்லிவிடலாம். மனசுக்காக அதை யாரும் வாங்கி வைக்கவில்லை. என் கேள்வி மனசைப் பற்றியது அல்ல, தருக்கத்தைப் பற்றியது. பொருந்தவில்லை என்ற விடையிலிருந்து என்ன முடிவுக்குப் போகலாம்?

எதையும் எப்படி அறிகிறோம் என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் நம் நூல்கள் மற்றதைப் பேசும். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் அளவைகளை ஆறு என்றும் பத்து என்றும் எண்ணுவோரைச் சொல்லி, கடைசியில் எல்லாம் மூன்றில் அடங்கும் என்கிறார்: கண்ணால் காண்பது, ஒன்றைக் கொண்டு மற்றொன்றைக் கருதுவது, நம்பத்தக்கவர் சொல்லக் கேட்பது. ரேகை மெஷின் இவற்றில் எது? காட்சி என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது பாட்டியைக் காணவே இல்லை. விரலின் கோடுகள் எங்கே பிரிகின்றன, எங்கே முடிகின்றன என்று சில புள்ளிகளை எடுத்து, பழைய பதிவோடு ஒப்பிட்டு, ஒற்றுமை இவ்வளவுக்கு மேல் இருந்தால் ஆம், குறைந்தால் இல்லை என்கிறது. அது கருதல். புகையைக் கண்டு நெருப்பு உண்டு என்று கொள்வது.

புகை இருந்தால் நெருப்பு இருக்கும். சரி. புகை இல்லாவிட்டால்? தருக்கம் படிக்கிறவர்களுக்கு இதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு, காய்ச்சிய இரும்புக் குண்டு. தகதகவென்று நெருப்பாய் இருக்கும், ஒரு பொட்டுப் புகை வராது. ஏன் என்றும் சொல்லி வைத்திருக்கிறார்கள். நெருப்பு மட்டும் இருந்தால் புகை வராது. ஈர விறகும் சேர வேண்டும். அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகத்தைத் தமிழில் தந்தவர் திருவாவடுதுறைச் சிவஞான முனிவர்தான் என்பதால், எங்கள் வகுப்பில் இந்த ஈர விறகு அடிக்கடி வரும். கடையில் எனக்கு அது பாடமாகவே தெரியவில்லை, அன்றாட அனுபவம். வயதானவர்களின் தோலில் ஈரப்பசை போய்விடும். ஈரம் போனால் கண்ணாடியில் கோடு பதியாது. உயிர் இருந்தால் மட்டும் போதாது, ஈரத்தோலும் சேர்ந்தால்தான் ரேகை. இல்லாத ரேகையிலிருந்து இல்லாத ஆளுக்குத் தாவுகிறவர், இரும்புக் குண்டைக் கையில் எடுக்கத் துணிகிறவர்.

இன்மையையும் அறியலாம் என்று சொன்னவர்கள் உண்டு. மணிமேகலையில் வஞ்சி நகரத்து அளவைவாதி அடுக்கும் பத்து அளவைகளில் அபாவம் ஒன்று. ஆனால் அவன் சொல்வதும் அந்த இடத்தில் அந்தப் பொருள் இல்லை என்பதோடு நிற்கிறது. குமாரிலபட்டரின் வழியில் வந்த மீமாம்சகர்கள் இன்னும் கறாரானவர்கள். இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்க வேண்டிய பொருளைக் காணவில்லை என்றால் மட்டுமே இல்லை எனலாம் என்பார்கள். வெளிச்சமான அறையில் குடத்தைக் காணோம் என்றால் குடம் இல்லை. இருட்டறையில் காணோம் என்றால், காணோம், அவ்வளவுதான். தேய்ந்த விரலுக்கு முன் ரேகை மெஷின் இருட்டறை.

இந்த வேறுபாட்டை வங்கிகள் ஓரளவு புரிந்து வைத்திருக்கின்றன என்று சொன்னால் என் வாடிக்கையாளர்கள் சண்டைக்கு வருவார்கள். இருந்தாலும் சொல்ல வேண்டும். இரண்டு வருஷம் நீங்கள் கணக்கில் எதுவும் செய்யாவிட்டால் வங்கி அதை இயக்கமற்ற கணக்கு என்கிறது. பத்து வருஷம் ஆனால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போகும். அப்போதும் அது உங்கள் பணம்தான். வந்து கேட்டால் கிடைக்கும். கேட்பாரற்ற பணத்தைத் தேடிப் பார்க்க 2023-இல் உத்கம் என்று ஓர் இணையதளமும் திறந்தார்கள். கணக்கு தூங்குகிறது என்பதற்கு மேல் வங்கி துணிவதில்லை. தூக்கத்தில் உண்பதும் இல்லை, செய்வதும் இல்லை, ஆனாலும் உயிர் போய்விடவில்லை என்பது மெய்கண்டாருக்கும் தெரிந்த விஷயம். அதை வைத்து மூச்சு வேறு உயிர் வேறு என்று நிறுவவே செய்கிறார்.

ஓய்வூதியத்திலும் ஏட்டளவில் இதே நிதானம் உண்டு. சான்று வராவிட்டால் நிறுத்தி வைப்பார்கள், வந்த பிறகு நிலுவையோடு கொடுப்பார்கள். யாரும் உங்களை இறந்துவிட்டதாக எழுதுவதில்லை. ஆனால் நிலுவை பிப்ரவரியில் வருவதை நம்பி டிசம்பரில் மருந்துக்கடைக்காரர் இன்சுலின் கொடுப்பதில்லை. தெரியவில்லை என்பதற்கும் இல்லை என்பதற்கும் நடுவே நூல்கள் போட்ட கோடு, பணம் நின்ற வீட்டில் அழிந்துவிடுகிறது. 2018 செப்டம்பர் 26-இல் ஆதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது நான்கு நீதிபதிகள் திட்டத்தை ஏற்றார்கள், சந்திரசூட் ஒருவர் மாறுபட்டார். அரசியல் சட்டம் தந்த உறுதிமொழி தொழில்நுட்பத்தின் ஏற்ற இறக்கத்துக்கு உட்பட்டு நிற்கக் கூடாது என்பது அவர் எழுதியதன் பொருள். நான் ஆதாரை வைத்துப் பிழைக்கிறவள், அந்த நால்வரோடுதான் நிற்கிறேன். ஆனால் அந்த ஒருவரின் பக்கங்கள்தான் என் நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றியவை.

பழைய முறை மேலானது என்று யாராவது சொன்னால் லால் பிஹாரியை நினைத்துக்கொள்வேன். உத்தரப் பிரதேசத்தில் ஆசம்கர் மாவட்டத்துக்காரர். நிலத்துக்காக உறவினர்கள் ஏற்பாடு செய்ய, வருவாய்ப் பதிவேட்டில் அவர் இறந்ததாக எழுதப்பட்டது. 1994 வரை அவர் பதிவேட்டின்படி பிணம். தான் இருப்பதைக் காட்ட ராஜீவ் காந்தியை எதிர்த்துத் தேர்தலில் நின்றார், இறந்தோர் சங்கம் ஒன்றை ஆரம்பித்தார், பெயருக்குப் பின்னால் இறந்தவர் என்றே போட்டுக்கொண்டார். அங்கே கணினியும் இல்லை, ரேகையும் இல்லை. எல்லாம் மனிதர்கள், மையால் எழுதியது. மனிதச் சாட்சியை விலைக்கு வாங்க முடியும். மெஷினுக்கு ஐந்நூறு ரூபாய் கொடுத்துப் பார்த்தவர் யாருமில்லை.

2021 நவம்பரிலிருந்து முகத்தை வைத்தும் சான்று கொடுக்கலாம் என்று ஆனது. எனக்கு அது பெரிய நிம்மதி. கைப்பேசியை எடுத்துக்கொண்டு பெரியவர்களை வாசலுக்கு, வெளிச்சத்துக்கு அழைத்துப் போவேன். கண்ணாடியைக் கழற்றச் சொல்வேன். செயலி கண்ணைச் சிமிட்டச் சொல்லும். புகைப்படத்தை நீட்டி ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்க அந்தச் சோதனை. எனக்கு உடனே தமயந்தியின் சுயம்வரம் நினைவுக்கு வரும். நளனைப் போலவே உருவெடுத்து வந்த தேவர்களுக்கு நடுவே அவள் நளனைக் கண்டுகொண்டது, கண் இமைப்பதையும், கால் தரையில் படுவதையும், மாலை வாடுவதையும் பார்த்துத்தான். புகழேந்தியின் நளவெண்பா படித்தவர்களுக்குத் தெரியும். சாகக் கூடியவன் என்பதற்கு உரிய அடையாளமே அவன்தான் என்பதற்குச் சான்றாயிற்று. அந்தத் துப்புரவுப் பாட்டிக்கும் கடைசியில் முகம்தான் கைகொடுத்தது. ஆனால் பக்கவாதத்தில் ஒரு பக்க இமை மூடாதவர்களுக்கும், கண்புரை ஆபரேஷன் முடிந்து கட்டோடு இருப்பவர்களுக்கும் அது இன்னொரு இருட்டறை. அறைகள் கூடுகின்றன, அவ்வளவு நல்லது. எல்லா அறையும் இருட்டான ஒருவர் எப்போதும் இருப்பார்.

அவருக்கு என்ன வழி? வர முடியாதவரிடம் போவதுதான். தமிழ்நாட்டில் 2025 ஆகஸ்ட் 12-இல் தொடங்கிய திட்டத்தில் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள் வீட்டுக்கே போகிறது. பெயர் தாயுமானவர் திட்டம். காவிரியில் வெள்ளம், தாயால் கரை கடந்து வர முடியவில்லை, பிரசவ வலியில் இருந்த மகளுக்குச் சிவனே தாயாக வந்தார் என்பது திருச்சி மலைக்கோட்டைக் கதை. பெயர் வைத்தவரைப் பாராட்டுகிறேன். தபால்காரரும் 70 ரூபாய் கட்டணத்தில் வீட்டுக்கே வந்து உயிர்வாழ் சான்று எடுக்கிறார். ஆனால் வாசலுக்கு வந்த பிறகும் கேட்பது மெஷின்தான். முப்பது வருஷமாக அந்தத் தெருவில் மணியார்டர் கொடுத்தவர் எதிரே நின்று, "ஐயா, சௌக்கியமா?" என்று கேட்டு, பதிலும் வாங்கிய பிறகு, பொருந்தவில்லை என்று திரும்பிப் போக வேண்டியிருக்கிறது. காட்சி கண் முன்னால் இருக்க, கருதலைப் பிடித்துத் தொங்குகிறோம்.

ரேகையும் முகமும் தோற்றால், நேரில் கண்டவர் தன் பெயரையும் தன் ரேகையையும் வைத்து இவர் இருக்கிறார் என்று உறுதி சொல்ல அந்தச் செயலியிலேயே ஓர் இடம் வேண்டும் என்பது என் கட்சி. மூன்று அளவையில் மூன்றாவது அதுதானே, நம்பத்தக்கவர் சொல். பொய் சொன்னால் பிடிபடுவார். அவருடைய ரேகை அதில் இருக்கிறது. லால் பிஹாரியைக் கொன்ற கையெழுத்துக்கு இல்லாத பொறுப்பு இதற்கு உண்டு.

வகுப்பில் இதைச் சொன்னேன். எங்கள் ஆசிரியர் லேசில் ஒப்புக்கொள்கிறவர் இல்லை. நம்பத்தக்கவர் என்றால் விருப்பு வெறுப்பு இல்லாதவர், ஆதாயம் தேடாதவர். சான்று ஒன்றுக்குக் காசு வாங்குகிற நீ எப்படி அதில் சேர்வாய் என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. நான் என்னைச் சொல்லவில்லை, தபால்காரரைச் சொன்னேன் என்றேன். அவருக்கும் கமிஷன் உண்டே என்றார். சரி, காசு வாங்காத சாட்சி இந்த ஊரில் யார், நீங்களே சொல்லுங்கள் என்றேன். அவர் புத்தகத்தை மூடிவிட்டு யோசித்தார். "பக்கத்து வீட்டுக்காரர்" என்று பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா சொன்னார். "வாய்க்கால் தகராறு இல்லாத பக்கத்து வீடாப் பாத்துக் குடுங்க" என்றார் ஆசிரியர்.